இராகு காலத்தில் இரண்டாம் பாதி

கோலன்பிரிங்க் உதைபந்தாட்டக் கழகம் அந்தப் பருவத்தில் ஒரு ஆட்டம்கூட வெல்லவில்லை. கெல்சென்கிர்ச்சனில் அதை ஒரு செய்தியாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. உலகக் கிண்ணம் வந்துபோய் ஒரு வருடம்தான் ஆகியிருந்தது; ஊரே நீலச் சால்வையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு பெரிய கழகத்தின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ரயில் பாதைக்கு அப்பால், பழைய சுரங்கத்து மண்மேட்டின் அடியில், எட்டாம் தர லீக்கில் உதை வாங்கிக்கொண்டிருந்த கோலன்பிரிங்கை நினைத்துத் தூக்கம் கெட்ட ஒரே மனிதர் இராசலிங்கம்தான். பாண் தொழிற்சாலையில் மாப் பிசையும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை.

தூக்கம் கெடக் காரணம் இருந்தது. நவம்பர் கடைசியில் மனைவி கமலநாயகி ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். அம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை அன்னதானச் சமையல் அவள் பொறுப்பு. சோற்றுக் கிடாரத்தை அடுப்பிலிருந்து இறக்க ஒரு பலசாலி வேண்டும். தன் புருசன் ஞாயிறுதோறும் மைதானத்தில் நிற்க, ஊரார் புருசன்மாரைக் கெஞ்சிக் கெஞ்சி அவளுக்கு அலுத்துவிட்டது.

“இஞ்சருங்கோ, நான் சண்டைக்கு வரேல்லை,” என்று சண்டைக்கு வருகிற குரலில் தொடங்கினாள். “வருசம் முடியமுன்னம் உங்கடை ஆக்கள் ஒரு மட்ச் வெல்லட்டும். வெண்டால் நான் வாய் திறக்கமாட்டன். இல்லையெண்டால் தை மாசத்திலையிருந்து ஞாயிற்றுக்கிழமை எனக்கு.”

“ஒண்டு காணுமே?” என்றார் இராசலிங்கம், ஏதோ கோலன்பிரிங்க் மாதாமாதம் கிண்ணம் தூக்குகிற மாதிரி.

“ஒண்டு காணும். மண்டபத்துக்குள்ளை விளையாடுறது கணக்கில்லை.”

நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் நடக்கும் மண்டபச் சுற்றுப்போட்டியைத்தான் அவள் வெட்டிவிட்டாள். அங்கே கோலன்பிரிங்க் ஒருமுறை தவறுதலாக வென்றிருந்தது. ஆக, மிச்சம் இருந்தவை குளிர்கால விடுமுறைக்கு முந்திய இரண்டு ஞாயிறுகள், இரண்டு ஆட்டங்கள்.

அந்த ஞாயிறுகளை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது. அகதி வழக்கு இழுபட்ட காலத்தில் அவர் நகர எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லைக்குள் காசில்லாமல் நின்று பார்க்கக் கிடைத்த ஒரே வேடிக்கை கோலன்பிரிங்க். ஒவ்வொரு ஞாயிறும் தோற்றார்கள். அடுத்த ஞாயிறு, முந்தின கிழமை ஒன்றுமே நடக்காத மாதிரி, காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடி வந்தார்கள். நாளைக்கு விமானம் ஏற்றிவிடுவார்களோ என்று பயந்துகொண்டு நின்ற மனிதனுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் அந்த நாட்டில் கிடைக்கவில்லை. அவர் அவர்களை நேசித்தார். அவ்வளவுதான் விஷயம்.

கழகத்தில் ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் பிறந்ததும் நடக்கும் ஒன்றுகூடலில் ஒரு இரசிகர் பியர்ப் பெட்டிமேல் ஏறி நின்று, பண்டிகைக் கால ஆட்டங்கள் எப்படிப் போகும் என்று முன்னோட்டம் சொல்ல வேண்டும். வழக்கமாக ஏறுகிறவர் “தோற்போம்” என்று சொல்லிவிட்டு இறங்குவார். எல்லாரும் கைதட்டிவிட்டுச் சூப் குடிக்கப் போவார்கள். அந்த வருடம் சீட்டு இராசலிங்கத்துக்கு விழுந்தது. அவர் ஏறினார், இறங்கவில்லை. சூப் ஆறிப்போனது.

வீட்டுச் சமையலறையில் தொங்கும் தமிழ்க் கடைக் கலண்டரை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். முதல் ஆட்டத்து எதிரணியின் கோல் காப்பாளருக்கு ஏழரைச் சனி. பிறந்த தேதி அவர்களுடைய இணையத்தளத்திலேயே கிடந்தது. ஆகவே இரண்டுக்குப் பூச்சியம். அடுத்த ஆட்டம் அதைவிடச் சுலபம். எல்லாவற்றிலும் முக்கியமாக, இராகு காலம்.

“ஒவ்வொரு நாளும் கொஞ்ச நேரம் கெட்ட நேரம். அதற்குள் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது,” என்று தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் விளக்கினார். “ஞாயிற்றுக்கிழமை அது நாலரைக்குத்தான் வரும். நாங்கள் இரண்டரைக்குத் தொடங்கி, அது வருவதற்கு முன்னாலேயே முடித்துவிடுவோம். பாம்பு வாயைத் திறக்கிறபோது நாங்கள் குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருப்போம்.”

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் க்ருப்கா மட்டும் சிரிக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் லிஃப்டுகளைப் பரிசோதித்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். விதி என்று ஒன்று இருந்தால், அது ஏன் என்று கேட்காமல் கடைப்பிடிக்கிற சாதி.

“மீறினால் என்ன நடக்கும், ஹெர் இராசலிங்கம்?”

“தொடங்கினது விளங்காது.”

“இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை?” என்று க்ருப்கா கோபித்துக்கொண்டார்.

முதல் ஆட்டம் வந்தது. இடைவேளைக்கு இரண்டுக்குப் பூச்சியம், கோலன்பிரிங்க் முன்னால். இராசலிங்கம் அக்கம்பக்கத்தாரைக் கட்டிப்பிடித்தார். ஏழரைச் சனிக்காரர் பந்தைத் தன் கையாலேயே கோலுக்குள் தள்ளியிருந்தார். இரண்டாம் பாதி தொடங்கியது. அதன் பிறகு நடந்ததை விவரிக்க மனம் வரவில்லை. இரண்டுக்கு ஐந்து.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலேயே சமையலறைக் கதிரையில் விழுந்தார். கமலநாயகி கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“முதல் பாதி சிங்கம் மாதிரி நிண்டவங்களப்பா. பிறகு என்ன வந்ததெண்டு விளங்கேல்லை. குளிர்காலத்துக்கு மணிக்கூடு மாத்தின நாளிலையிருந்து இதே கூத்துத்தான்.”

“அதுக்கு முன்னம்?”

“அதுக்கு முன்னம் தொடக்கத்திலையிருந்தே தோத்தவங்கள். அது விளையாடத் தெரியாமல். இது வேறை.”

கமலநாயகி கத்தியை வைத்தாள். “நாலரை, ராகு காலம் எண்டு அவங்களுக்குச் சொன்னனீங்களோ?”

“ஓம். கலண்டரிலை கிடக்குதே.”

“அது ஊர்ச் சூரியனுக்கப்பா!” அவள் தலையில் அடித்துக்கொண்டாள். “பகலை எட்டாப் பிரிச்செல்லோ பாக்கோணும். இஞ்சை மார்கழியிலை சூரியன் வாறதும் தெரியாது, போறதும் தெரியாது. ஞாயிறெண்டால் கடைசிப் பங்கு. பொழுது படுறதுக்கு முந்தின ஒரு மணித்தியாலம். உங்கடை ரெண்டாம் பாதி முழுக்க அதுக்குள்ளைதான் கிடக்குது.”

இராசலிங்கம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இத்தனை குளிர்காலமாக, இடைவேளை முடிந்து திரும்பிய ஒவ்வொரு தடவையும் கோலன்பிரிங்க் நேராகப் பாம்பின் வாய்க்குள்தான் ஓடியிருக்கிறது.

“இது உமக்கு முன்னமே தெரியுமே?”

“கோயிலுக்கு வாற எல்லாருக்கும் தெரியும். நீங்கள்தான் வாறேல்லை.”

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகக் க்ருப்காவிடம் போனார். முன்னோட்டம் பிழையாய்ப் போனதற்கு மன்னிப்புக் கேட்டு, மனைவி கண்டுபிடித்ததைச் சொன்னார். க்ருப்காவின் முகம் மலர்ந்துவிட்டது. கழுதை மாதிரி அடம்பிடித்த லிஃப்டில் கடைசியாகப் பழுதைக் கண்டுபிடித்தவரின் மலர்ச்சி அது. உடனே நிர்வாகக் கூட்டத்தைக் கூட்டினார்.

ஆட்ட நேரத்தை மாற்ற வழியில்லை. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்துக் காரணம் சொல்ல வேண்டும், பாம்பு என்று எழுத க்ருப்காவுக்கே கை வரவில்லை. அப்போதுதான் இராசலிங்கம் கமலநாயகியிடம் கேட்டுவந்த நுணுக்கத்தை அவிழ்த்தார். இராகு காலத்தில் தொடங்கத்தான் கூடாது. ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம், தோஷமில்லை.

“அப்படியானால் இரண்டாம் பாதியை நாங்கள் தொடங்கக் கூடாது,” என்றார் க்ருப்கா.

“எதிரணி தொடங்கட்டும்,” என்றார் பயிற்சியாளர். அவர் முதலில் கேலியாகத்தான் வந்து உட்கார்ந்தார்; இப்போது கதிரையின் நுனியில் இருந்தார். “நாணயம் சுண்டுவதில் நாங்கள் தோற்றால், முதல் பாதியைத் தொடங்குவது நாங்கள். இரண்டாம் பாதி அவர்கள் தலையில்.”

தோற்பது கோலன்பிரிங்குக்குக் கைவந்த கலை. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

பிறகு எது எது தொடக்கம் என்ற ஆராய்ச்சி வந்தது. ஆளை மாற்றுவது? தொடக்கம், கூடாது. பந்து வெளியே போய் எறிவது? சந்தேகம், ஆகவே பந்தை வெளியே விடாதே. கோல் வாங்கினால் நடுவிலிருந்து தொடங்க வேண்டுமே? அது பச்சைத் தொடக்கம். எக்காரணம் கொண்டும் கோல் வாங்கக் கூடாது.

“இதைத்தானே நான் ஆகஸ்ட்டிலிருந்து கத்துகிறேன்,” என்றார் பயிற்சியாளர்.

“நீங்கள் காரணம் சொல்லவில்லை,” என்றார் க்ருப்கா.

“சரி, நாங்கள் கோல் போட்டால்?”

எல்லாரும் இராசலிங்கத்தைப் பார்த்தார்கள். “போட்டால் அவர்கள் தொடங்க வேண்டும். அதுவும் இராகு காலத்தில்.”

பொருளாளர் மேசையில் ஓங்கிக் குத்தினார். அந்தக் கழகத்தில் அப்படி ஒரு நம்பிக்கையை யாரும் கண்டதில்லை.

இரண்டாவது ஞாயிறு. நாணயத்தில் கோலன்பிரிங்க் தோற்றது. இரசிகர்கள் துள்ளிக் குதித்தார்கள். எதிரணித் தலைவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். முதல் பாதி கோல் எதுவும் இல்லாமல் முடிந்தது. இடைவேளையில் எல்லாரும் உள்ளே போக, மாற்றுக் கோல் காப்பாளர் மட்டும் மைதான மூலையில் ஒரு பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு நடந்தார். எங்கள் ஆட்டம் நிற்கவில்லை, தொடர்கிறது என்று காட்ட. இரண்டாம் பாதியை எதிரணிதானே தொடங்கப் போகிறது, பிறகு இது எதற்கு என்று யாரோ கேட்டதற்கு, “லிஃப்டுக்கு எப்போதும் இரண்டாவது பிரேக் வேண்டும்,” என்றார் க்ருப்கா. நடுவர் வந்து, என்ன நடக்கிறது என்று விசாரித்தார். பதிலை முழுதாகக் கேட்டார். பிறகு தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

எதிரணி இரண்டாம் பாதியைத் தொடங்கியது. கோலன்பிரிங்க் வீரர்கள் பந்தைக் கோட்டுக்கு வெளியே போகவிடாமல் விழுந்து புரண்டு பிடித்தார்கள். பத்து வருடப் பயிற்சியில் வராத ஒழுங்கு வந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் முன்னணி வீரனுக்குக் கணுக்கால் சுளுக்கியது. “ஆளை மாற்றுங்கள்!” என்று அவன் அலறினான். “முடியாது!” என்று மைதானம் முழுவதும் ஒரே குரலில் பதில் வந்தது. பின்னால் ஓடி வர வழியில்லாமல், எதிரணிக் கோலுக்குப் பக்கத்தில் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றான். அவனை எவரும் கணக்கெடுக்கவில்லை. எதிரணிப் பின்வரிசைக்காரன் ஒருவன் தன் காப்பாளருக்குச் சாவகாசமாகப் பந்தைத் திருப்பித் தட்டினான். அது வழியில் நின்ற கொக்கின் நல்ல முழங்காலில் பட்டு உள்ளே போனது.

அதன் பிறகு எதிரணி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. பாவம், அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம்.

நடுவர் ஊதியபோது இராசலிங்கம் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை தப்பியது. தை, மாசி, பங்குனி எல்லா ஞாயிறும் இந்த வேலியில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம். க்ருப்கா அவர் தோளைத் தட்டி, “உங்கள் மனைவியின் தொலைபேசி எண் வேண்டுமே,” என்றார். சந்தோஷத்தில் இராசலிங்கம் ஏன் என்று கேட்காமல் கொடுத்தார்.

வீட்டில் கமலநாயகி சொன்ன சொல் தவறவில்லை. “வெண்டாச்சு. இனி நான் வாய் திறக்கமாட்டன். ஞாயிறு உங்களுக்கு,” என்றாள். குரலில் இருந்த ஏக்கம் அவரைக் கொஞ்சம் குத்தியது. ஒரு ஞாயிறாவது போய்க் கிடாரம் இறக்கிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. அப்போது அவள் தொலைபேசி அடித்தது.

முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்து பழகிய ஜெர்மன் மொழியில் அவள் நிறையப் பேசினாள். “ஓம் ஓம், மண்டபத்துக்குக் கூரை இருந்தாலும் சூரியன் அதுக்கு மேலைதானே,” என்பதுபோல் ஏதோ விளக்கினாள். சிரித்தாள். வைத்தாள்.

“க்ருப்கா. மண்டபப் போட்டிக்கு என்னை வரட்டாம். முன்னோட்டமும் நான்தான் சொல்லோணுமாம். பயிற்சியாளருக்குப் பக்கத்திலை இடம் போட்டிருக்காம். கடைசி நாள் ஞாயிறு. பிறகு லீக் தொடங்கினாலும், கோடை வரைக்கும் ஒவ்வொரு ஞாயிறும் வேணுமாம்.”

“நல்லது! நானும் வாறன்தானே.”

“நீங்கள் வந்தால் கோயிலிலை ஆர் சமைக்கிறது?” அவள் கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே யோசித்துக்கொண்டு கேட்டாள். “ஞாயிறை நான் உங்களிட்டை கேக்கேல்லை. உங்களுக்கெண்டு தந்திட்டன். ஆனால் உங்கடை ஆக்களுக்கு நான் வேணுமாம். உங்கடை கணக்கிலை போனால் அவங்கள் திருப்பித் தோப்பாங்களப்பா. அது உங்களுக்கு விருப்பமே?”

இராசலிங்கத்துக்கு அது விருப்பமில்லை. அதுதான் சங்கடம்.

வருடத்தின் கடைசி ஞாயிறு பின்னேரம், கோயில் சமையலறையில் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோற்றுக் கிடாரத்தின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சோறு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது; சனம் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தது. யன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கத் தொடங்கியது. இதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு மனைவிக்குத் தொலைபேசி எடுத்தார். மண்டபத்து இரைச்சல் காதைப் பிளந்தது. பறை மேளம் மாதிரி எவனோ பலகையில் அடிக்க, கூட்டம் “கமலா, கமலா” என்று கத்திக்கொண்டிருந்தது.

“என்னப்பா, எத்தினைக்கு எத்தினை?”

“இப்ப ராகு காலமெல்லோ,” என்றாள் கமலநாயகி. “புதுசா ஒரு கதையும் தொடங்க ஏலாது. பிறகு எடுங்கோ.”

தொலைபேசி நின்றது. இராசலிங்கம் யன்னலைப் பார்த்தார், மணிக்கூட்டைப் பார்த்தார். அவள் சொன்னது சரிதான். திரும்பிப் போய்க் கிடாரத்துக்குள் தலையை விட்டார். அது முன்னமே தொடங்கிய வேலை, தொடரலாம், தோஷமில்லை.