எட்டுக்கு மேல் எண்ணே கிடையாது

அந்த ஆய்வகத்தில் யாருக்கும் பயப்படாதவள் சொட்டக்கா என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். தூசிக்குப் பயப்படுவாள். மூடி தளர்ந்த பாட்டிலைக் கண்டால் நடுங்கிவிடுவாள். மனிதர்களுக்குப் பயப்பட மட்டும் அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. ஒரு முறை ஆசிட் ஒரு சொட்டு கூடிப்போனதற்காக, நாள் முழுக்கச் செய்த வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு வைத்த பெயர் அது. வைத்தவர்கள் மாற்றலாகிப் போய்விட்டார்கள், பெயர் போகவில்லை.

அவள் வேலை இதுதான். ஒரே கடலைச் சுற்றி நான்கு நாடுகள். நான்கும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு மாதம் ஒரு நாள், ஒரே தேதியில், குறித்த இடங்களில் தண்ணீர் எடுத்து அதில் ஈயம் எவ்வளவு என்று அளக்கின்றன. லிட்டருக்கு எட்டு மைக்ரோகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். தாண்டினால் வருடக் கடைசியில் வரும் பொது வரைபடத்தில் அந்த இடத்துக்குச் சிவப்பு. சிவப்பு விழுந்தால், எந்த நாட்டுக் கழிவுக்குழாயோ அந்த நாடு அதை அடைத்தே ஆகவேண்டும்.

இந்தக் கரையின் மூன்றாம் புள்ளியில் ஒரு பேட்டரித் தொழிற்சாலையின் கழிவுக்குழாய் விழுகிறது. பதினோரு வருடமாக அங்கே படகை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, வளையல் கழற்றிய கையில் இரண்டு உறை மாட்டித் தண்ணீர் பிடித்து வருகிறவள் சொட்டக்கா. வளையல் உலோகம் ஒரு தூசு போதும், அளவே கெட்டுவிடும். முதல் வருடம் இரண்டு என்று வந்த ஈயம், மூன்று வருடத்துக்கு முன் எட்டைத் தாண்டியது. இப்போது முப்பத்தொன்று. எல்லாம் அவள் குறிப்பேடுகளில், பக்க எண் அச்சடித்த தாள்களில், மையில் இருக்கிறது.

ஆனால் வரைபடத்தில் மூன்றாம் புள்ளி வருடா வருடம், எட்டைத் தாண்டாத இடம் என்று மஞ்சளாகவே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அவள் இயக்குநரிடம் போய்க் கேட்டாள். “அது சராசரிம்மா. மழைக்காலம், வெயில்காலம் எல்லாம் சேர்த்துப் போடறது. உனக்கு எதுக்கு அந்தக் கவலை?” என்றார். அவளும் நம்பித் தொலைத்தாள். சொட்டுக்குச் சொட்டு சந்தேகப்படுகிறவள் ஒரு வார்த்தையைச் சந்தேகப்படவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ளத் தோன்றும்.

குட்டு வெளிப்பட்டது ஒரு பரீட்சையில். வருடத்துக்கு ஒரு முறை ஆய்வகங்களுக்கே பரீட்சை உண்டு. ஒரு நாட்டு ஆய்வகம் அளந்து ஈயம் கலந்த ஆறு பாட்டில்களை மற்ற மூன்றுக்கும் அனுப்பும். எதில் எவ்வளவு என்பது அனுப்பியவருக்கு மட்டும்தான் தெரியும். தேறியதா இல்லையா என்பதை மட்டும் அவர் முன்கூட்டியே எழுதித் தெரிவிப்பார். விடை ஒட்டிய உறைக்குள் இருந்து, நாலு நாட்டுக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் பிரிக்கப்படும். இந்த முறை கலந்து அனுப்பியவள் எதிர்க்கரைக்காரி. சொட்டக்கா அவளைப் பார்த்ததே இல்லை. பதினோரு வருடமாகப் பாட்டில் பெட்டிகளுக்குள் துண்டுச்சீட்டு எழுதிக்கொள்கிற பழக்கம் மட்டும் இருந்தது. ‘நாலாம் பாட்டில் மூடி நன்றாக இறுக்கவும்’ என்று ஒருத்தி எழுதினால், ‘இறுக்கிவிட்டேன், உங்கள் ஐஸ்தான் போதவில்லை’ என்று மற்றவள் எழுதுவாள். அதற்குப் பேர்தான் சிநேகம் என்றால், சிநேகம்தான்.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் இயக்குநர் அவளைக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு கடிதம். ‘உங்கள் ஆய்வகத்தின் ஆறு முடிவுகளில் நான்கு தேறவில்லை. கூட்டத்தில் விளக்கம் தரவும்.’

சொட்டக்கா கடிதத்தை இரண்டு முறை படித்தாள். பதினோரு வருடத்தில் ஒன்றுகூடத் தேறாமல் போனதில்லை.

“நாம என்ன அனுப்பினோம்னு பார்க்கணும் சார்.”

இயக்குநர் கொடுக்கவில்லை. தரவுகளைக் கணினியில் ஏற்றுகிறவர், எதைச் சொன்னாலும் அப்படியே அடிப்பதால் காப்பி பேஸ்ட் என்று பெயர் வாங்கினவர், பக்கத்தில் தாளை வைத்துக்கொண்டு நின்றார். அவள் அதைப் பிடுங்கிப் பார்த்தாள். இரண்டு புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி நான்கு. இரண்டும் அவள் அளந்தவை. அதற்குப் பிறகு ஏழு புள்ளி எட்டு, ஏழு புள்ளி ஆறு, ஏழு புள்ளி ஒன்பது, ஏழு புள்ளி ஏழு.

“இது என்ன கூத்து? இந்த நாலும் நான் எழுதினது இல்லையே!”

காப்பி பேஸ்ட்டின் முகம் சுண்டிப்போயிற்று. “சார்தான்க்கா சொல்லியிருக்காரு, எட்டுக்கு மேல எது வந்தாலும் ஏழு புள்ளி சொச்சமா அடின்னு. மூணு வருஷமா அப்படித்தானே அடிக்கிறேன். இது பரீட்சைத் தண்ணின்னு எனக்கு எப்படித் தெரியும்?”

இயக்குநர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டபோது எண்களைப் பார்க்கவே இல்லை என்பது அவர் கழுத்து வேர்த்ததிலேயே தெரிந்தது. கடலைத் திருத்திப் பழகின கை, எதிர்க்கரைக்காரி கலந்த தண்ணீரையும் திருத்தியிருந்தது. அழவேண்டிய நேரத்தில் சொட்டக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதே,” என்றார் அவர். இன்னொரு தாளை அவள் பக்கம் தள்ளினார். தட்டச்சு முடிந்து தயாராக இருந்தது. “அளக்கும்போது நீ தப்புப் பண்ணிட்டேன்னு ஒரு வரி. கையெழுத்துப் போடு. உன் பேர்ல இருந்தா அது கைத்தவறு. என் பேர்ல வந்தா நாட்டு மானம் போயிடும்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, ஆய்வகம் சரியில்லைன்னு நாமளே ஒத்துக்கிட்டு, பழைய அளவு எல்லாத்தையும் வாபஸ் வாங்கிடலாம். பதினோரு வருஷமும். சுத்தமா புதுசா ஆரம்பிப்போம். உன்னை வெளிநாட்டுப் பயிற்சிக்கு அனுப்பறேன்.”

அப்போதுதான் அவளுக்கு முழுசும் புரிந்தது. அவள் பெயர் கெடுவது சின்ன விஷயம். அந்த ஒரு வரியில் அவள் கையெழுத்து விழுந்தால், முப்பத்தொன்று என்கிற எண்ணே பிறக்காததாகிவிடும். இரண்டிலிருந்து முப்பத்தொன்று வரை ஒவ்வொரு மாதமும் ஏறின கணக்கு மொத்தமும் கைத்தவறாகிவிடும். குழாய் இன்னொரு பதினோரு வருடம் ஓடும். மனுஷன் அடிமடியிலேயே கை வைக்கிறார்.

“போடமாட்டேன்.”

“அப்போ நாளைக்கு நீ லீவு. கூட்டத்துக்கு வரவேண்டாம். குறிப்பேட்டை எல்லாம் சாயங்காலத்துக்குள்ள என் பீரோவுல கொண்டு வந்து வை.”

“குறிப்பேடு கூட்டத்துல மேசைமேல இருக்கணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு சார். எழுதினவங்களும் கூட இருக்கணும். நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. படிக்காமப் போட்டிருப்பீங்க.”

சொல்லிவிட்டு வந்தவள், பொருள் வெளியே போகும் பதிவேட்டில் தேதி, நேரம், பக்க எண்ணிக்கை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதில் அவளை யாரும் குறை சொல்ல முடியாது. பதினோரு குறிப்பேடுகளையும் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வீட்டுக்காரர் தையல்காரர். முன்னறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர், ஐஸ் பெட்டியைப் பார்த்ததும், “உள்ள என்ன, மீனா?” என்றார்.

“என் பொழப்பு,” என்றாள். உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத் தட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு வாய் வைத்தவர் தண்ணீர்ச் செம்பைத் தேடினார்.

“கடல் உப்பையே அளக்கிறவ, இதுல இப்படிக் கொட்டியிருக்கியே. யார் மேல கோவம்?”

சொன்னாள். எல்லாம் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது, அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. “வேலை போயிடும்ங்க. அது தெரிஞ்சுதான் சொல்றேன். ஆனா அந்தாளு சொல்ற மாதிரி எழுதிக் கொடுத்துட்டு வந்து உங்க முன்னால நின்னேன்னா, என்னால சோறு தின்ன முடியாது.”

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “அளவு எடுத்தது நீ. வெட்டினது அவரு. சட்டை பத்தலைன்னா அளவெடுத்தவ மேலயா பழி? நாளைக்கு எத்தனை மணிக்குக் கூட்டம்? பெட்டி கனமா இருக்கு, நான் தூக்கிட்டு வர்றேன்.”

மறுநாள் கூட்ட அறையில் நான்கு கொடிகள், நான்கு மேசைகள், நிறைய தண்ணீர் பாட்டில்கள். இயக்குநர் அவளைக் கண்டதும், நாற்காலியில் முள் வைத்த மாதிரி நெளிந்தார். வெளியாள் முன்னால் விரட்ட முடியாதே. காப்பி பேஸ்ட் கணினிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எதிர்மேசையில் நரைத்த தலையோடு, மடியில் பழுப்பு உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ‘ஐஸ் போதவில்லை’ அவள்தான் என்று சொட்டக்காவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

தலைவர் மூன்றாவது நாட்டுக்காரர், வயதானவர், பொறுமைசாலி. “விளக்கம் உண்டா?” என்றார்.

இயக்குநர் எழுந்தார். “எங்கள் பரிசோதகரின் கவனக்குறைவால் நேர்ந்த வருந்தத்தக்க...”

“உறையைப் பிரிக்காதீங்க!”

சொட்டக்கா எழுந்து நின்றிருந்தாள். வீட்டுக்காரர் வாசல்வரை தூக்கிவந்த ஐஸ் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். கொடி ஒன்று சாய்ந்தது, யாரும் நிமிர்த்தவில்லை.

“நான்தான் அந்தப் பரிசோதகர். பிரிக்கிறதுக்கு முன்னாடி, நான் அளந்தது என்னன்னு சொல்லிடறேன். குறிப்பேட்டுல நாற்பத்தாறாம் பக்கம். எழுதின தேதி இருக்கு, அடித்தல் திருத்தல் கிடையாது.” தலைவர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டுப் படித்தாள். “இரண்டு புள்ளி ஒன்று. ஐந்து புள்ளி நான்கு. பன்னிரண்டு புள்ளி மூன்று. பத்தொன்பது புள்ளி எட்டு. நாற்பது புள்ளி ஐந்து. அறுபத்தாறு. இப்போ பிரிங்க.”

எதிர்க்கரைக்காரி உறையைக் கிழித்தாள். “இரண்டு. ஐந்தரை. பன்னிரண்டு. இருபது. நாற்பது. அறுபத்தைந்து.” தாளைத் தாழ்த்தினாள். “ஆறும் சரி.”

“விடை முன்னாடியே வெளியே போயிருக்கு!” என்றார் இயக்குநர்.

“இந்த உறை என் பையை விட்டு இறங்கலை. என்னையும் சேர்த்துத் திருடின்னு சொல்றீங்களா?”

“அது... அது வந்து, எண்களை ஏற்றும்போது...” இயக்குநர் காப்பி பேஸ்ட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் காப்பி பேஸ்ட்டுக்குப் புரிந்தது. தலையில் கட்ட அடுத்த ஆள் தேடுகிறார். ஆயுள் முழுக்கத் தலையாட்டின மனிதர் எழுந்து நின்றார்.

“ஆமா, நான்தான் அடிச்சேன். எட்டுக்கு மேல போகாம அடின்னு சார் சொன்னாரு. பரீட்சைக்கு மட்டும் இல்லை, மூணு வருஷமா எல்லாத்துக்கும்.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஆய்வகம் தேறிவிட்டது. மற்றதை அந்த நாட்டுக்குள் விசாரித்துக்கொள்ளட்டும். அடுத்த விஷயம்...”

“இன்னும் முடியலைங்க,” என்றாள் சொட்டக்கா. பெட்டியிலிருந்து குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். “இந்த ஆறும் சரின்னு நீங்களே சொல்லிட்டீங்க. அதே கை, அதே மெஷின், அதே புத்தகம். அப்போ இதுவும் சரிதான். மூன்றாம் புள்ளி, போன மாசம், முப்பத்தொன்று.”

“உட்காரு!” இயக்குநர் மேசையைத் தட்டினார். “இது நம்ம வீட்டு விஷயம். வெளியாள் முன்னால...”

“யாரு சார் வெளியாள்? அந்தக் குழாய்த் தண்ணி ஒன்பது நாள்ல இவங்க கரையில நிக்குது. இவங்க பிள்ளைங்களும் அதுலதான் குளிக்குது.”

எதிர்க்கரைக்காரி மெல்லப் பேசினாள். “எங்க எல்லைப் புள்ளியில போன வருஷம் ஒன்பது வந்துச்சு. பக்கத்து நாட்டுக் குழாய் விழற இடத்துலயே ஏழு புள்ளி எட்டு, நடுக்கடல் தாண்டி உனக்கு மட்டும் எப்படி ஒன்பதுன்னு கேட்டாங்க. அளக்கத் தெரியலைன்னு எழுதி எனக்கு மெமோ கொடுத்தாங்க. இருபது வருஷ சர்வீஸ்ல முதல் மெமோ. நானும் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். எப்பவும் எட்டுக்குள்ளதான் கலக்கிறது; மத்தவங்க எட்டுக்கு மேல எப்படி அளக்கறாங்கன்னு பார்க்கத்தான் இந்தப் பரீட்சையில பெரிய அளவா கலந்து அனுப்பினேன்.”

இந்தப் பக்கம் திருத்தின எண், அந்தப் பக்கம் ஒருத்தியின் தலையில் விழுந்திருக்கிறது. சொட்டக்கா சத்தமாகவே சொன்னாள்: “உங்க கை சரியாத்தான் இருந்துச்சு. எங்க தாள்தான் பொய்.”

அதற்கு மேல் அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. முதல் குறிப்பேட்டிலிருந்து மாதம் மாதமாக மூன்றாம் புள்ளியைப் படித்தாள். எதிர்க்கரைக்காரி எழுதிக்கொண்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வரைபடத்தை மாற்றுவதற்கான திருத்தப் படிவத்தில் இயக்குநர் கையெழுத்துப் போட மறுத்தார். தலைவர் ஒப்பந்தத்தைப் புரட்டிப் பார்த்தார். அளந்தவரும் வேறு நாட்டுப் பரிசோதகர் ஒருவரும் போட்டால் செல்லும் என்று இருந்தது. இரண்டு பெண்களும் போட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தில், மூன்றாம் புள்ளியின் மஞ்சள்மேல் தலைவர் சிவப்புப் பேனாவை வைத்துத் தேய்த்தார்.

கூட்டம் கலையும்போது இயக்குநர் அவள் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, “இதோட உன் வேலை போச்சுன்னு வச்சுக்கோ,” என்றார்.

“நாளைக்குக் கடலுக்குப் போற தேதி சார். நிறுத்தறதா இருந்தா ஆறு மணிக்கு முன்னாடி எழுத்துல கொடுங்க, காரணத்தோட. இந்த நாலு நாட்டுக்கும் ஒரு நகல் அனுப்பிடறேன். பாட்டிலைப் படகுல ஏத்திட்டேன்னா இறக்கமாட்டேன்.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பின்னால் எதிர்க்கரைக்காரி நிற்பதைப் பார்த்துவிட்டு மென்று முழுங்கிக்கொண்டு போனார்.

“ஆறு மணிக்கா படகு?” என்று கேட்டாள் எதிர்க்கரைக்காரி. “எனக்கு நாளன்னைக்குத்தான் ஊருக்கு.”

சொட்டக்கா அவள் கையைப் பார்த்தாள்.

“ஆறுக்கே வந்துடுங்க. வளையலை அறையிலேயே கழற்றி வச்சுட்டு வாங்க.”