எழுதாத பலகை

கடற்கரையில் நட்டிருந்த எச்சரிக்கைப் பலகையில் சிவப்புச் சட்டம் மட்டும் இருந்தது. வார்த்தை இன்னும் வந்தபாடில்லை. அதற்கு ரமின்தாவும் ஒரு காரணம். பொது இடத்துச் சொற்கள் சரியான லிதுவேனிய மொழியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் குழுவில் அவளுக்கு வேலை. ஆளைக் கரையிலிருந்து ஆழத்துக்கு இழுத்துப்போகும் அந்த நீரோட்டத்துக்கு என்ன பெயர் வைப்பதென்று மூன்று வாரமாகக் குழு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று தலைநகர் வில்னியஸிலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். கணவன் வீதெனிஸும் தொற்றிக்கொண்டான்.

"நீ வார்த்தையப் புடி, நான் ஒரு முழுக்குப் போட்டுட்டு வரேன்" என்று சிரித்துவிட்டு, சுட்ட மீன் வாசனை போகாத கையோடு போனான்.

குழு யோசித்திருந்த பெயரை எழுதி அவள் நீட்டிய தாளை உயிர்காப்பாளர் ஸிக்மாஸ் படித்தார்.

"திரும்பு நீரோட்டமா? இதப் படிக்கிறவன், கரைக்கே திருப்பிக் கொண்டாந்து விட்டுரும்னுல்ல மேடம் நினைப்பான்?"

"அறிவியல்படி அதுதாங்க சரி."

"அறிவியலா தண்ணில இறங்கப்போகுது? அங்க பாருங்க. ரெண்டு பக்கமும் அலை வெள்ளையா உடையுது, நடுவுல மட்டும் சமத்தா ஒரு பாதை. அதான் அது. மாட்டிக்கிட்டா கரையப் பாத்து நீந்தவே கூடாது. பக்கவாட்டுல போகணும்."

ரமின்தா அதைக் கவனமாகக் குறித்துக்கொண்டு நிமிர்ந்தாள். அந்தச் சமத்தான பாதையின் நடுவில் ஒரு தலை தெரிந்தது. அலை முகத்தில் அடித்தால் வீதெனிஸுக்குப் பிடிக்காது. அதனால் அமைதியான இடமாகப் பார்த்து இறங்கியிருக்கிறான்.

தாள்கள் பறக்க ஓடினாள்.

"கரைக்கு வா! வீதெனிஸ், கரைக்கு வந்துரு!"

கத்திய பிறகுதான் என்ன கத்தினோம் என்று உறைத்தது. பதினெட்டு வருடத்தில் அவள் சொல்லை ஒருதரம்கூடக் கேட்காதவன் இன்று கேட்டான். கரையைப் பார்த்துத் திரும்பி, முழுப் பலத்தோடு கைகளை வீசினான். வீச வீசப் பின்னால் போனான்.

"என்ன மேடம் சொல்றீங்க! சைடுல போகச் சொல்லுங்க!" ஸிக்மாஸ் மிதவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தார்.

"சைடுல போ! பக்கவாட்டுல!" என்று கத்தினாள். அதற்குள் அவன் இன்னும் தள்ளிப்போயிருந்தான்; எதிர்க்காற்று அதை அவள் வாய்க்கே திருப்பித் திணித்தது. தன் வாயாலேயே அவனைக் கொன்றுவிடுவோமோ என்று பயந்தாள். பிறகு கத்துவதை நிறுத்தினாள். செருப்பை உதறிவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு, கரையோரமாகவே வடக்குப் பக்கம் ஓடினாள். இப்படி, இப்படி என்று கையை வீசிக் காட்டினாள். கண்ணை மட்டும் அவனிடமிருந்து எடுக்கவில்லை.

தூரத்தில் அந்தத் தலை ஒரு அலைக்குப் பின்னால் மறைந்து, மறுபடி மேலே வந்தது. இப்போது அதன் முகம் கரையைப் பார்த்து இல்லை; அவள் ஓடிக்கொண்டிருந்த வடக்குப் பக்கம் திரும்பியிருந்தது.