காகிதச் சட்டை

கதவைத் தட்டாமல் உள்ளே வாருங்கள், நல்லோரே! இந்தக் கூடத்தில் ஒரு குற்றம் நடக்கப்போகிறது. கத்தி இல்லை, இரத்தம் இல்லை; ஆகவே எந்த நீதிமன்றமும் இதை விசாரிக்காது. நீங்கள்தாம் சாட்சிகள்.

பள்ளி விடுமுறை. வெளியே விடாத மழை. கூடம் முழுக்கப் பழைய செய்தித்தாள். நடுவில் சம்மணமிட்டு அமர்ந்திருப்பவள் இந்த வீட்டின் இளைய மருமகள். அவளைச் சுற்றி மூத்த மருமகளின் மகள் குருவியும் மாடி வீட்டுப் பிள்ளைகளும். தாளை இறுகச் சுருட்டிக் கம்பாக்கி, கம்புகளைப் பசையால் பொருத்திக் குடிசையே கட்டிவிட்டார்கள். குருவியின் அப்பா, காலையில் பாதி படித்து வைத்த தாளைத் தேடி வந்து அதை மகளின் தலையில் தொப்பியாகக் கண்டார். "நாட்டு நடப்பு தெரியணும்னா இனிமே உன் தலையைத்தான் படிக்கணும்போல" என்று அலுத்துக்கொண்டு, குனிந்து நின்றபடியே மீதியைப் படித்தார். கூடமே சிரித்தது.

சிரிக்காதவள் ஒருத்தி இருந்தாள். அடுத்த அறையில், தையல் மிஷின்மேல் குனிந்திருந்த மூத்தவள்.

அவள் தைத்த ரவிக்கைக்குத் தெருவே காத்திருக்கும். கை ஓயாத வேலை. அந்த அறைக்குள் குருவி நுழைந்தால் அவள் வாயில் வருவது ஒரே சொல்: தொடாதே. கத்தரியைத் தொடாதே, காகிதம் வெட்டினால் முனை மழுங்கும். துணியைத் தொடாதே, அழுக்காகும். குழந்தை எதைத்தான் தொடும்? கூடத்துக்குப் போனாள். அங்கே சித்தி கத்தரியே இல்லாமல், அளவுகோலை வைத்துத் தாளை நேராகக் கிழிக்கக் கற்றுக்கொடுத்தாள். அது முதல் சாப்பாடு ஊட்டவும் சித்தி, தலை பின்னவும் சித்தி. தூக்கத்தில் உளறினாலும் சித்தி.

சுவருக்கு அந்தப் பக்கம் எழுந்த ஒவ்வொரு சிரிப்பும் மூத்தவள்மேல் நெருப்பை அள்ளிக் கொட்டியது. தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். தீவு விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. இருவர் இருவராக ஒரு தாளின்மேல் நிற்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் தாள் பாதியாக மடியும். தரையில் கால் பட்டவர் கடலில் விழுந்தவர். உள்ளங்கையளவு மிஞ்சிய தாளில் சித்தி நுனிக்காலில் நிற்க, குருவி அவள் பாதங்களின்மேல் ஏறி இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தாள். என் வயிற்றில் இருந்தபோதுகூட இவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்க மாட்டாள் என்று நினைத்தாள் தாய். தண்ணீரைக் குடிக்காமலே மிஷினுக்குத் திரும்பினாள்.

அன்று மதியம், வாடிக்கையாளர் துணிகளை ஒதுக்கிவிட்டு, யாரையும் தொடவிடாத கத்தரியை எடுத்துச் செய்தித்தாளையே வெட்டினாள். கொசுவம் வைத்த பாவாடை, புடைத்த கை, வட்டக் கழுத்து. மெல்லிய பொருளுக்குப் பொடித் தையல் என்று கை பழகிய கணக்குப்படி மிஷினை ஓட்டிக் காகிதச் சட்டையொன்று தைத்து முடித்தாள். குடிசை கட்டுகிறாளாம், குடிசை! இதைப் பார்க்கட்டும்.

பார்த்தார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மூத்தவளின் கண் மட்டும் ஓர்ப்படியின் முகத்தில் தோல்வியைத் தேடியது. அவளோ, "கடையில கூட இப்படிக் கிடைக்காதுக்கா" என்று மனதார மெச்சினாள். அந்த மெச்சுதல் வசவைவிட மோசமாகச் சுட்டது.

அதைப் போட்டுக்கொண்ட குருவி மகிழ்ச்சியில் இரு கைகளையும் தூக்கினாள். அவ்வளவுதான். நெருக்கமாக விழுந்த ஊசித் துளைகளின் வழியே, தபால்தலை பிரிவதுபோல், சட்டை தோளிலிருந்து இடுப்புவரை கிழிந்து தொங்கியது. துணி தாங்கும் தையலைக் காகிதம் தாங்காது என்பது அந்தக் கைக்குத் தோன்றவே இல்லை. மாடி வீட்டுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அழுத குழந்தை அம்மாவிடம் வரவில்லை. "சித்தி, ஒட்டிக் குடு" என்று ஓடினாள்.

அப்போதுதான் அது நடந்தது. தன் கணவரும், இளையவளின் கணவனான கொழுந்தனும், பிள்ளைகளும் கேட்கும்படி மூத்தவள் சொன்னாள்: "அடுத்தவ பிள்ளையை ஒட்டி வெச்சுக்கிட்டா உன்னுதாயிடுமா? அவ்வளவு ஆசையிருந்தா நீயே ஒண்ணைப் பெத்துக்கயேன்."

இளையவள் விரலில் இருந்த பசையை முந்தானையில் துடைத்தாள். எழுந்தாள். தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

யார் தந்தது இந்தச் சொல்லை? மூத்தவள் புதிதாகச் செய்ததா? இல்லை! குருவி பிறக்கும்முன் இதே சொல்லால் அவளையும் குத்தியிருக்கிறார்கள். குத்திய ஊசியைப் பிடுங்கி எறியாமல், பத்திரமாக வைத்திருந்து இன்னொருத்திமேல் ஏற்றினாள். கருவுறுவதைப் பெண்ணின் தேர்வுத்தாளாக்கி, மதிப்பெண் போடும் உரிமையைத் தெருவுக்கே கொடுத்த சமுதாயமல்லவா இது!

மறுநாள் மூத்தவள் ஆசைப்பட்டது கிடைத்தது. மகள் அவளுக்கே. தாளை விரித்து, "அம்மா விளையாட வரேன், வா" என்று கூப்பிட்டாள். குருவி வந்து தாளின் ஓரத்தில், அம்மாவின் கை படாத தூரத்தில் நின்றாள்.

அந்த இடைவெளியைத் தாங்க முடியாமல்தான் அவள் இளையவளின் மூடிய கதவருகே போனாள். யாருக்கும் கேட்காதபடி, "மனசுல வெச்சுக்காதே" என்று முணுமுணுத்தாள்.

"சொன்னது கூடத்துலக்கா. இங்க வந்து ரகசியமாச் சொன்னா எப்படி?" என்றது உள்ளிருந்து குரல்.

என்ன திமிர்! என்று பழைய நெருப்பு குபீரென எழுந்தது. எழுந்தது, கொஞ்ச நேரம் எரிந்தது. பின் அவள் திரும்பி நடந்தாள். கணவரையும் கொழுந்தனையும் அழைத்தாள். மாடிப் பிள்ளைகளையும் கூப்பிடச் சொன்னாள். எல்லோரும் வந்தபின் கூடத்தின் நடுவில் நின்றாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு. அவமேல ஒரு குறையும் இல்ல. எனக்குப் பொறாமை. அதான் சொன்னேன்."

நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. இளையவள் வந்து அமர்ந்தாள், சற்றுத் தள்ளித்தான். முகம் இன்னும் இளகவில்லை. இளக வேண்டுமென்று கேட்க யாருக்கும் உரிமையும் இல்லை.

சாட்சிகளே! பார்த்தீர்கள் அல்லவா? உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தியவள் ஒருத்தி இருக்கிறாள். சொன்னவர் நீங்களாயின், யார் முன்னால் சொன்னீர்களோ அவர்களைக் கூட்டுங்கள்; அவர்கள் முன்னாலேயே திரும்பப் பெறுங்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவர்களாயின், அடுத்த முறை அந்த வாயை அந்த இடத்திலேயே தடுங்கள். நல்ல நாள் பார்க்காதீர்கள். எழுந்து போங்கள், இப்போதே!