இரண்டு முனையும் வளைந்த ஸ்கீ

பனியில் சறுக்கும் பழைய ஸ்கீப் பலகைகளை விற்கும் சந்தைக்காகப் பள்ளிக்கூட ஜிம்மின் கதவு ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். யெர்னேயா எட்டேகாலுக்கே வரிசையில் முதல் ஆளாக நின்றாள். பத்தொன்பது வயதுக் கழுதைக்கு இவ்வளவு பரபரப்பு ஆகுமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள், மனசு கேட்டால்தானே!

விஷயம் இதுதான். ஏழு வயதிலிருந்து கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பந்தயத்தில் சறுக்கியவள், இந்தப் பனிக்காலத்தோடு அதை விடப்போகிறாள். இனிமேல் மலைமேல், குதித்து வித்தை காட்டத் தாவுமேடையும் ஏறிச் சறுக்க இரும்புக் கம்பியும் போட்ட பார்க்தான். அதற்கு ஒரு ஜோடி ஸ்கீ வாங்க வேண்டும். வாங்கிக்கொண்டு போய் அப்பாவிடம் சொல்ல வேண்டும். முதலாவதை நினைத்தால் கால் தரையில் நிற்கவில்லை, இரண்டாவதை நினைத்தால் திரும்பி வீட்டுக்கே போய்விடலாமா என்றிருந்தது. அப்பா வோய்கோ எங்கோ இல்லை, இதே ஜிம்மில், வாசலோரம் மேஜை போட்டு, விற்ற ஸ்கீகளின் இரும்பு ஓரத்தைத் தீட்டிக் கொடுக்கிறவர். அவர் அரம் பிடித்தால் ஸ்லோவேனியாவிலேயே அதற்கு மேல் கூர் இல்லை என்பார்கள். மகள் ஜெயித்த பந்தயமெல்லாம் அவர் தீட்டிய ஓரத்தில் ஜெயித்ததுதான்.

கதவு திறந்தது. யெர்னேயா நேரே கடைசி மூலைக்கு ஓடினாள். அங்கே பார்க்கில் சறுக்கும் லூச்கா, தலைமுடிக்கு நீலச்சாயம் அடித்தவள், நாலைந்து ஜோடிகளை விற்கச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

பழக்கதோஷம், யெர்னேயாவின் கை முதலில் ஒரு கறுப்பு ஜோடிக்குப் போனது. அழுத்திப் பார்த்தாள், வளையவே இல்லை. பின்முனை தட்டை, பந்தய ஸ்கீ போலவே. பார்க்குக்கும் ஒப்பேற்றலாம், அப்பா கண்ணையும் உறுத்தாது. இதையே எடுத்துவிட்டால் இந்த வருஷம் வாயைத் திறக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

"அதப் போட்டுக்கிட்டுக் கம்பியில ஏறு, உன்னைக் கூட்டித்தான் அள்ளணும்," என்றாள் லூச்கா. அடுத்ததை எடுத்து நிறுத்தினாள். எலுமிச்சை மஞ்சள், நெற்றி உயரம், முன்னும் பின்னும் ஒரேபோல் மேலே வளைந்திருந்தது. காலணி மாட்டுமிடம் கிட்டத்தட்ட நட்டநடுவில்.

யெர்னேயா விரிப்பின்மேல் அதை மாட்டிக்கொண்டு பின்னால் சாய்ந்தாள். பின்முனை வளைந்து கொடுத்து அவளை அப்படியே மேலே தூக்கிவிட்டது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். இன்னொரு தரம் சாய்ந்தாள். அப்புறம் கறுப்பு ஜோடி எங்கே இருந்தது என்றே அவளுக்கு ஞாபகமில்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒன்றைச் சுத்தமாக மறந்துபோனாள். பணம் கட்டுகிற இடத்தில் ஸ்கீயில் பெயர்ச்சீட்டைக் கட்டி நேராகத் தீட்டுகிற மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். வருஷா வருஷம் அதுதான் வழக்கம். அவள் பணத்தைக் கட்டிவிட்டு, ஜாம் வைத்துப் பொரித்த க்ரோஃப் பன் ஒன்றை வாங்கித் தின்றுவிட்டு வருவதற்குள், மகள் பெயரைத் தவிர வேறெதையும் பார்க்காத வோய்கோ வரிசையில் இருந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு, அந்த மஞ்சள் ஜோடிக்கு இரண்டு மடங்கு பாசத்தோடு கூர் ஏற்றி முடித்திருந்தார்.

"எந்தப் படுபாவி வச்சிருந்தானோ, ஓரமெல்லாம் மொண்ணையா இருந்துச்சு," என்றார் பெருமையாக. "இப்பப் பாரு, ரோமத்த வெட்டும்."

யெர்னேயா அந்த ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம். வீட்டில் போய்த் திருட்டுத்தனமாகத் தேய்த்து மழுக்கிக்கொள்ளலாம். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"அப்பா, இது கம்பியில சறுக்குறதுக்கு. கூரா இருந்தா கம்பியில கடிச்சு என்னைத் தூக்கி அடிச்சிரும். மழுங்கத்தான் இருக்கணும்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "பந்தயத்துக்கு இனிமே வரலப்பா."

வரிசையில் நின்றவர்கள் உத்தரத்தைப் பார்த்தார்கள். வோய்கோ அரத்தை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே பண்ணிக்க. என் கையால ஆகாது."

அவள் தேய்க்க ஆரம்பித்தாள். கண் கலங்கியதில் அரம் கோணிக்கொண்டு போனது. ஒரு நிமிஷம் பொறுத்தார், இரண்டு நிமிஷம் பொறுத்தார். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை.

"அரம் புடிக்கிற லட்சணமா இது? குடு இங்க."

பிடுங்கிக்கொண்டார். முப்பது வருஷமாகக் கூர் ஏற்றின கை, ஒரே சீராக, இழை பிசகாமல், கூரை இறக்கிக்கொண்டு போனது. பாதிவரை வந்து நிறுத்தினார்.

"முனை வரைக்கும் மழுக்கணுமா, பாதத்துக்கு அடியில மட்டுமா?" என்று தலைநிமிராமலே கேட்டார்.