கேட்காமல் அசையாத பதிப்பு

“தானா ஒண்ணும் நடக்கப்பிடாது, அவ்வளவுதான்...”

“மைனி, என்னைச் சொல்லி முடிக்க விடுங்க...”

“நீ சொன்னது போதும். நாற்காலியில இருக்க ஆளு கேக்காம அது அசையப்பிடாது.”

மீனவர் சங்கத்து அறையில், பழைய கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுதான் இத்தனையும். கிளீட்டஸ் காலையில் வடசேரிக்குப் போய் இரண்டு பென்டிரைவ் வாங்கி, இரண்டிலும் லினக்ஸ் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மெஷினில் இருந்த பழைய சிஸ்டத்தைக் கம்பெனி கைவிட்டாயிற்று. லினக்ஸ் என்றால் காசில்லை, யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அதில் நூறு விதம். நாலு நாள் அலசி இரண்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சிவப்பு பென்டிரைவில் உபுண்டுவின் புதிய பதிப்பு. வேண்டியதைத் தானே இறக்கித் தானே மாற்றிக்கொள்ளும்படி அமைத்திருந்தான். கறுப்பு பென்டிரைவில் டெபியன். சொன்னால் செய்யும், சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் போட்டது போட்டபடி கிடக்கும்.

அவன் அண்ணன் மனைவி சகாயசெல்வி கறுப்பை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

தான் ஞாயிற்றுக்கிழமை மஸ்கட் வேலைக்கு விமானம் ஏறிவிட்டால் இதைப் பார்க்க ஆளில்லை என்றான் கிளீட்டஸ். கவனிக்காமல் விட்டால் கறுப்பில் இருப்பது, ஓட்டை விழுந்த வள்ளம் மாதிரி ஆகிவிடும் என்றும் சொன்னான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் அதைக் காதில் வாங்கியதாகக் காட்டவில்லை. மாதம் ஒருநாள் தானே உட்கார்ந்து செய்துகொள்வதாகச் சொன்னாள். பத்து வருஷமாகக் கடலுக்குப் போகிறவர்களுக்குக் கோயில் மைக்கில் காற்றுச் செய்தி வாசிக்கிறவளுக்கு, எழுதித் தந்தால் நாலு வரி தட்டத் தெரியாதா என்று கேட்டாள்.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் ஐந்து மணிக்கு, இதே திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அணைக்க வேண்டாம் என்று ஒரு வரி; வேறொன்றும் இல்லை. முக்கால் மணி நேரம் சுற்றி நின்றபோதுதான், ஐந்துக்கே மெயிலில் வந்து கிடந்த புயல் எச்சரிக்கை அவள் கண்ணில் பட்டது. ஓடிப்போய் மைக்கைப் பிடித்தபோது அவள் புருஷன் ஆன்ட்ரூசின் வள்ளம் இறங்கி அரைமணி ஆகியிருந்தது. ஆளும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை. மெஷின் தானாக அப்டேட் ஆகிவிட்டது என்று ஊர் சொன்னது. அண்ணனுக்காகப் போனில் அழுத கிளீட்டசும் அதையே சொன்னான்.

வெள்ளிக்கிழமை மஸ்கட்டில் லீவு. அந்த வெள்ளிக்கிழமையும் அங்கே அறையில் படுத்துக்கொண்டு, மைனிக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று, போன் வழியாக ஊர்க் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, நாள் கணக்கில் தள்ளிப்போட்டுக் கிடந்த அப்டேட்டை அமுக்கியது அவன் விரல். அதற்குப் பிறகு மனிதன் கைபடுகிற எதையும் அவனால் நம்ப முடியவில்லை. சிவப்பைக் கொண்டுவந்தது அதனால்தான். அவளோ மெஷின் கெடுத்தது என்று நம்பி, கையையே நம்பி நிற்கிறாள்.

“மைனி, மெஷின் கெடுக்காது,” என்றான். “ஆளுக்க கைதான் கெடுக்கும்.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கறுப்பு பென்டிரைவைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைத் திரையைப் பார்த்தபடியே சொன்னாள். அன்றைக்கு அந்த வட்டம் வருவதற்கு முன்னால் திரையில் அம்பு நகர்ந்து போனதாம். அவள் கை மவுஸில் இல்லையாம். கட்டுமரத்துக்காரர் பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாளாம். மேசை ஆடியிருக்கும் என்று நினைத்து விட்டுவிட்டாளாம்.

கிளீட்டஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“இங்க பாரு மக்கா. நீ எதைச் சொல்லுதியோ அதையே போட்டுக்கிடுவேன். ஒண்ணு மட்டும் சொல்லு. அன்னைக்கு அது தானாத்தான் நடந்துச்சா?”