நாற்காலியை விட்டு எழுந்த காரணங்கள்

நான் குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் போடுகிறவள். கரடி, நரி, குடை பிடித்த தவளை என்று என் கணினிக்குள் ஒரு காடே இருக்கிறது. காட்டுக்குள் வழிதான் கிடையாது.

அதற்கு நான்தான் காரணம் என்று அண்ணன் சொல்வான். நான் வீட்டைச் சொல்வேன். வரைந்துகொண்டிருக்கும்போது யாராவது கூப்பிடுவார்கள். படத்தைச் சேமிக்கப் போனால் கணினி பெயர் கேட்கும். அந்த அவசரத்தில், எதற்காக எழுகிறேனோ அதையே பெயராக அடித்துவிட்டு ஓடுவேன். 'பால் பொங்குது.' 'லிஃப்ட்ல யாரோ மாட்டிக்கிட்டாங்க.' 'அண்ணி வந்தாச்சு.' இத்தனை வருடமும் அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை முழுகப் பார்த்தது. காலையிலேயே பதிப்பாசிரியர் போன் செய்தார். என் முதல் புத்தகத்தைப் பெரிய அளவில் மறுபடி போடுகிறார்களாம்.

"எல்லாப் படமும் எங்ககிட்ட இருக்கும்மா. கரடி குளிக்கிற படத்தோட அசல் கோப்பு மட்டும் இல்ல. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்புங்க. இல்லேன்னா வேற ஓவியரை வெச்சு மொத்தப் புத்தகத்தையும் புதுசா வரைய வேண்டியதுதான்."

அந்த ஒரு படத்தைத் திரும்ப வரைய எனக்கு ஒரு மாதம் பிடிக்கும். தவிர, அந்தக் கரடி என் அண்ணன். அதே தொப்பை, அதே சோம்பல், தண்ணீரைக் கண்டால் அதே ஓட்டம். இன்னொருவர் வரைந்தால் அது வெறும் கரடியாகிவிடும்.

அண்ணன் கீழ் வீட்டில்தான் இருக்கிறான். விஷயம் தெரிந்ததும், படங்களை அடுக்கி வைக்கும் மென்பொருள்கள் மூன்றை இலவசச் சோதனைக்கு இறக்கிக்கொடுத்தான்.

முதலாவது பார்க்க அழகு. ஆனால் நான் அந்தக் காலத்தில் வரைந்த மென்பொருளை இன்று யாரும் சீந்துவதில்லை. அதன் கோப்புகளெல்லாம் வெறும் சாம்பல் கட்டங்களாகத் தெரிந்தன. அந்தப் பழையதிலேயே ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வாரக்கணக்காகும். இரண்டாவது மென்பொருள், படத்தைப் பார்த்து அதுவே இன்னதென்று சொல்லும். என் தவளையைக் காய்கறி என்றது. பழைய படங்களுக்கு அதுவும் சாம்பல்தான். மூன்றாவது மூளியாக இருந்தது. பெயரைத் தேட ஒரு கட்டம், குறிப்பு எழுத ஒரு கட்டம், அவ்வளவே. தேதியை வைத்துத் தேடலாம் என்றால், புதுக் கணினிக்கு மாற்றியபோது எல்லாக் கோப்புக்கும் ஒரே தேதி விழுந்திருந்தது.

"ரெண்டாவதை எடு," என்றான் அண்ணன். "பேரையெல்லாம் அழிச்சுட்டு வரிசையா நம்பர் போட்டுத் தருதாம். சுத்தமா இருக்கும். உன் கோப்புப் பேரைப் படிச்சா எனக்கே மானம் போகுது."

"என்னமோ பண்ணித் தொலை," என்றேன். எனக்குத் தலை சுற்றிக்கொண்டிருந்தது.

அவன் விரல் பொத்தானுக்குப் போனபோது பின்னால் ஒரு சிரிப்பு. திரையில் இருந்த பெயர்களைப் படித்தபடி அண்ணி நின்றிருந்தாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை அவளுக்கு, திங்கட்கிழமை விடுமுறை.

"கையை எடுங்க," என்றாள் புருஷனிடம். "இதெல்லாம் நடந்த கதை. 'பூனை அலமாரிக்குள்ள', அது எதிர்வீட்டுப் பூனை. 'சாவி உள்ளயே', நான்தான் வெளிய நின்னேன்."

எனக்கு என் படங்கள் ஞாபகம் இருக்கும், நாட்கள் இருக்காது. அவளுக்கு நாட்கள் இருந்தன.

"அண்ணி, கரடி குளிக்கிற படம் வரைஞ்ச அன்னிக்கு என்ன நடந்துச்சு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "கரடி கையில பச்சைத் துண்டு இருக்குமே, அது என் துண்டு. எங்க குளியலறைக் குழாய் பிடுங்கிக்கிட்டு உங்கண்ணன் மேல தண்ணி பீச்சி அடிச்சுது. மனுஷன் ஓடின ஓட்டம். உன்னைக் கூப்பிட்டா, வந்து பார்த்துட்டு, சிரிச்சுக்கிட்டே, பாதியில விட்ட அதே கரடியை வரையத் திரும்பிப் போயிட்டே."

அண்ணன் திடீரென்று தன் போனில் முக்கியமாக எதையோ தேடத் தொடங்கினான்.

மூன்றாவது மென்பொருளில் 'குழாய்' என்று அடித்தேன். 'குழாய் பிடுங்கிடுச்சு' என்று ஒன்றே ஒன்று வந்தது. பழைய மென்பொருளில் அது திறப்பதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. தொப்பை, பச்சைத் துண்டு, ஓட்டம், எல்லாம் அப்படியே இருந்தது. அண்ணியைக் கட்டிக்கொண்டேன். பதிப்பாசிரியருக்கு அனுப்பியும் ஆயிற்று.

"அப்ப எதை வாங்கறது?" என்றான் அண்ணன்.

"மூணாவது. அது நான் வெச்ச பேரைத் தொடாது."

"பார்க்க லட்சணமாவே இல்லையே."

"கரடியே சொல்லுது," என்றாள் அண்ணி.

அவன் பணம் கட்டப் போன நேரத்தில், சும்மா இருக்க மாட்டாமல், 'அண்ணி' என்று தேடினேன். பட்டியல் இறங்கிக்கொண்டே போனது. 'அண்ணி டீ.' 'அண்ணி மாத்திரை போடச் சொல்றாங்க.' 'அண்ணி திட்டறாங்க, தூங்கணும்.' வேலை கெடுகிறதே என்று ஒவ்வொரு முறையும் முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருக்கிறேன். ஒன்றன்கீழ் ஒன்றாகப் படித்தால், என்னை ஒருத்தி வளர்த்திருக்கிறாள்.

நடுவில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. 'அண்ணி போறாங்களாம், நான் எழுந்திருக்க வேண்டாமாம்.'

"இது என்னிக்கு அண்ணி?"

அவள் குனிந்து பார்த்தாள். "அத்தைக்கு ஆபரேஷன் அன்னிக்கு. மறுநாள் நீ முதல் புத்தகத்தைக் குடுக்கணும். அம்மாகிட்ட போறதா, வரையறதான்னு அழுதுக்கிட்டிருந்தே. ஆஸ்பத்திரிக்கு நான் போறேன், நீ முடின்னேன்."

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு, சாப்பாட்டைச் சூடு பண்ண என் சமையலறைக்குள் போனாள். அந்தப் புத்தகத்தில் என் பெயர் மட்டும்தான் போட்டிருந்தது. புதுப் பதிப்பில் முதல் பக்கம் அண்ணிக்கு என்று அப்போதே பதிப்பாசிரியருக்கு எழுதிவிட்டேன்.

பாதியில் நின்ற புதுப் படம் ஒன்று திரையில் இருந்தது. சேமிக்கப் போனேன், பெயர் கேட்டது. சமையலறையிலிருந்து இன்னும் யாரும் கூப்பிடவில்லை. 'அண்ணிக்குத் தட்டு எடுத்து வைக்கணும்' என்று அடித்துவிட்டு எழுந்தேன்.