ஐம்பது நிமிடம் தள்ளி

கோபம் எனக்கு மூக்குநுனியிலேயே இருக்கும். அலுவலகத்தில் எல்லாருக்கும் இது தெரியும். அதிகம் தெரிந்தவர் முனகல்.

எங்கள் காந்தப்புல நிலையத்தில் கருவியைப் பார்த்துக்கொண்டவர் அவர். எதையும் வாய்க்குள்ளேயே சொல்வார், பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. நான் நிலையத் தலைவி. இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல் கட்டிய மர அறையில் கருவி இருந்தது. தலைக்கு மேல் நூறு கிலோமீட்டர் உயரத்தில், அயனி மண்டலத்தில், பகலில் கிழக்கே ஓடும் மின்னோட்டத்தை அது தாளில் கோடாக வரையும். உச்சிவேளை வரை கோடு ஏறும், பிறகு மெல்ல இறங்கும்.

ஒரு ஜனவரியில் பிற்பகல் கோடு இரவு மட்டத்துக்கும் கீழே போயிற்று. எப்போதாவது ஒருநாள் அப்படி ஆகும்தான். இது ஆறு நாள் தொடர்ந்தது. பக்கத்தில் இரும்பு வந்தாலும் கோடு விழும்.

"ஸ்கூட்டரை எங்க நிறுத்துறீங்க?" என்றேன்.

"கேட்டுக்கு வெளியதான் மேடம்."

"அப்ப இரும்பு நடந்து வந்துச்சா?"

"தினமும் ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி விழுது மேடம்..." என்று முனகினார்.

நான் காதில் வாங்கினேனா? "ஆமா, சாப்பிட்டுத் தூங்கிட்டு நீங்கதான் தள்ளித் தள்ளி வர்றீங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் என் பேச்சு பிடித்திருந்தது, வெட்கக்கேடு. ஆறு தாள்களையும் பழுதென்று கிழிக்கச் சொல்லி, அவர் கையில் ஒரு மெமோவும் கொடுத்தேன். வண்டி வந்து நின்றால் கோடு படிபோலச் சட்டென்று விழும். இதுவோ வழுக்கி வழுக்கி இறங்கியிருந்தது. நின்று பார்க்கும் பொறுமை எனக்கு இல்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, போன வாரம், அக்கா மகள் தொலைபேசியில் அழைத்தாள். அவள் வளிமண்டல ஆராய்ச்சி செய்கிறவள்.

"சித்தி, அந்த ஜனவரியில துருவத்துக்கு மேல, முப்பது கிலோமீட்டர் உயரத்துல, காத்து சில நாள்லயே நாப்பது டிகிரி சூடாயிருக்கு. அப்படி ஆனா, நிலா இழுக்கறதால வர்ற காத்து அலை பலமாயிடும். உங்க தலைக்கு மேல ஓடுற மின்னோட்டம் மத்தியானத்துல திரும்பி ஓடும். நிலா மாதிரியே தினமும் ஐம்பது நிமிஷம் லேட்டா. அடுத்த ரெண்டு வருஷமும் அதே சூடு வந்திருக்கு. மூணு வருஷத் தாளும் வேணும் சித்தி, வேற எங்கயும் கிடையாது."

பதிவறைக்கு ஓடினேன். முதல் ஜனவரி இல்லை, அது என் கைங்கரியம். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அந்தச் சூடு வந்த நாட்களின் தாள்களைக் காணோம். அவற்றைக் கிழிக்க நான் சொல்லவேயில்லை. முனகல் எடுத்து வைத்திருப்பார் என்று நம்பிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் மேசை விசிறியைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கூட்டர் இல்ல. நிலா," என்றேன். "நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்குங்க."

"பரவாயில்ல மேடம்." திருகாணியைத் துடைத்தார்.

"அடுத்த ரெண்டு வருஷத் தாள் உங்ககிட்ட இருக்கா?"

"அப்பவும் விழுந்துச்சு மேடம். அதே மாதிரிதான். நீங்க பாக்கறதுக்கு முன்னாடி நானே கிழிச்சுட்டேன்."

"ஏன்? அது ஸ்கூட்டர் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமே."

முதல் முறையாக அவர் வார்த்தைகள் தெளிவாக வந்தன.

"தெரியும் மேடம். மெமோ வந்த மாசமே ஸ்கூட்டரை வித்துட்டேன். அந்த ரெண்டு வருஷமும் நடந்துதான் வந்தேன்."